உடையாத திரை

முதல் டிவியை டிங்கர் தலையால் முட்டி உடைத்தான். குத்துச்சண்டை விளையாட்டில் மச்சானிடம் தோற்ற கையோடு எழுந்து, திரைக்குள் மல்லாந்து கிடந்த தன் ஆளை நோக்கி ஆட்டுக்கடா மாதிரி பாய்ந்தான். கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு நுனிக்கு வழிய, அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அடுப்பங்கரை வாசலில் நின்ற அவன் மனைவி பின்னால் நகர்ந்தாள்.

அவளைப் பற்றியதுதான் இந்தக் கதை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. அறுவை அறையிலிருந்தும் விபத்துப் பிரிவிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் துணியைப் பிரிப்பாள். ரத்தக் கறை பட்டதைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு ஆளுயர இயந்திரத்துக்குள் திணிப்பாள். ஈரத் துணி கல்லாய்க் கனக்கும். அதை இழுத்து இழுத்து அவளுடைய முன்கைகள் கயிறு முறுக்கினாற்போல் இறுகிப்போயிருந்தன. கூட வேலை செய்தவர்கள் அவளை 'மெஷின்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாளும் அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

புருஷன் கார் பட்டறையில் டிங்கர். மோதி நசுங்கி வரும் வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. பகல் முழுக்க சுத்தியல் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவன் வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். வேலையில் கெட்டிக்காரன், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே. பட்டறையில் கூட வேலை பார்த்தவன் ஒருவன் இவனுடைய ஸ்பேனரைக் கேட்காமல் எடுத்தான் என்பதற்காக வண்டியின் பானெட்டை அவன் முதுகின் மேல் சாத்தியிருக்கிறான். ஆனாலும் முதலாளி அவனை வேலையில் வைத்துக்கொண்டார். அவன் கை வேலை அப்படி.

இரண்டாவது டிவி போனது மச்சானால். மச்சான் என்பது அவளுடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வந்தால் மாமனும் மச்சானும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து விளையாடுவார்கள். அன்றைக்கு அவன் ஜெயித்துவிட்டு, "மாமா, உங்க ஆளுக்கு பல்லு செட்டு ஆர்டர் பண்ணிடவா?" என்று கேட்டான். டிங்கர் இரும்பு ஸ்டூலைத் தூக்கி வீசினான். தம்பி குனிந்தான். ஸ்டூல் டிவிக்குள் போயிற்று. தெறித்த சில்லு ஒன்று தம்பியின் புருவத்தைக் கிழித்தது. அவள் துண்டை மடித்துக் காயத்தில் அழுத்திக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து போனாள். மறுநாள் அதே துண்டு அவளுடைய ஆஸ்பத்திரித் தொட்டியில் கிடந்தது.

"இனிமே வீட்ல டிவியும் வேணாம், கேமும் வேணாம்க்கா," என்றான் தம்பி.

 அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். முதல் டிவி உடைந்து அடுத்தது வரும்வரை இருந்த இடைவெளியில்தான் டிங்கர் அவளுடைய இடது கையைக் கதவு இடுக்கில் வைத்து நசுக்கினான். சாப்பாடு ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சலவைப் பிரிவில் சொன்னாள். அவன் விளையாடுகிற நாட்களில் பொருள் உடையும். விளையாட்டு இல்லாத நாட்களில் அவள் உடைவாள். பொருளே பரவாயில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அதனால் அவளே அவனைக் கடைக்கு அழைத்துப் போனாள். தம்பியும் புருவத் தையலோடு கூட வந்தான்.

கடைப் பெண் பேச்சில் கெட்டி. ஒரு பக்கம் பெரிய டிவிகள், இன்னொரு பக்கம் கறுப்புத் திரை போட்ட சின்ன அறையில் புரொஜெக்டர். "சார், கேமுக்குன்னா டிவிதான் சொல்வேன். பட்டன அழுத்தின உடனே அடி விழும். பகல்லயும் பளிச்சுனு தெரியும். புரொஜெக்டர்ல படம் பெருசு, ஆனா ரூம் இருட்டா இருக்கணும். அப்புறம் ஒரு இம்மி லேட்டாத்தான் தெரியும். படம் பாக்குறவங்களுக்குத் தெரியாது. சண்டை போடுறவங்களுக்குத் தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் தம்பி. "மாமா, டிவியே எடுங்க. லேட்டா விழுற அடி அடியே இல்ல."

டிங்கர் அதற்குள் இருட்டறைக்குள் போய்விட்டான். சுவர் முழுக்க ஒரு குத்துச்சண்டைக்காரன் நின்றான், அவனுடைய உயரம், அவனுடைய தோள் அகலம். டிங்கர் அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்று முஷ்டியை உயர்த்தினான். "டேய் மச்சான், இங்க பாருடா. இதுதான்டா ஆம்பள சைஸு. டிவில அடிச்சுக்கிறது பொம்மைங்க."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கடைப் பெண் இவளைக் கேட்டாள்.

"எது உடையாது?"

அந்தப் பெண் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். தம்பியின் தையலையும் டிங்கரின் நெற்றித் தழும்பையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "புரொஜெக்டர மேல சீலிங்ல மாட்டிடலாம்மா. கைக்கு எட்டாது. கீழ இருக்குறது வெறும் சுவர்தான்."

"அப்ப அதையே குடுங்க."

சுவருக்கு டிங்கரே வெள்ளை அடித்தான். வீதிப் பக்கம் பெரிய ஜன்னல், வெளிச்சம் கொட்டும். திரைச்சீலை போதவில்லை. பட்டறையிலிருந்து பழைய காரின் தகடு கொண்டுவந்து, அளவாக வெட்டி, ஜன்னல் சட்டத்தில் சுற்றிலும் ஆணி அடித்து, ஓரத்தில் ரப்பரும் வைத்து அடைத்தான். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. நேர்த்தியான வேலை. மேலே மின்விசிறிக்குப் பக்கத்தில் புரொஜெக்டர் உறுமிக்கொண்டு தொங்கியது.

கொஞ்ச காலம் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் ஆளுயரத்துக்கு மூக்கு உடைந்து ரத்தம் தெறிக்கும். தாடை ஒரு பக்கமாகத் திரும்பி எச்சில் பறக்கும். ஆஸ்பத்திரியில் ரத்தத்தை அலசிவிட்டு வருகிறவள், வீட்டுச் சுவரிலும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு பொருளும் உடையவில்லை. தான் எடுத்த முடிவு சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த இம்மித் தாமதம் தன் வேலையைக் காட்டியது. கேம் மோடு போட்டுப் பார்த்தார்கள், வயரை மாற்றினார்கள். குறைந்ததே தவிரப் போகவில்லை. தம்பி நிதானக்காரன். கொஞ்சம் முன்னாலேயே பட்டனை அழுத்தப் பழகிக்கொண்டான். டிங்கரால் முடியவில்லை. கோபம் வந்தவுடன் கை போகும், படத்தில் அடி பின்னால் வரும், அதற்குள் எதிராளி அவன் முகத்தைப் பெயர்த்திருப்பான். "நான் அடிச்சேன்டா! நீயே பாத்தேல்ல? நான்தான் முதல்ல அடிச்சேன்!" என்று கத்துவான். எறிவதற்குத் திரை இல்லை. சுவரைக் குத்தினான். விரல் முட்டிகள் தோலுரிந்து, வெள்ளையில் சிவப்பாகப் பதிந்தது. தம்பி வருவதைக் குறைத்துக்கொண்டான். பிறகு வேலை அதிகம் என்று சொல்லி நின்றேவிட்டான்.

சுவரைக் குத்தினால் கைதான் வலிக்கிறது என்று டிங்கருக்குப் புரிந்த நாளிலிருந்து மறுபடியும் அவளுக்கு அடி விழ ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும், சத்தம் போட்டால் வீதிக்குக் கேட்கும் என்று ஒரு பயம் அவனுக்கு உண்டு. இப்போது தகடு இருந்தது. அடிக்கும்போது விளையாட்டின் கூட்டச் சத்தத்தை ஏற்றிவைத்தான். சுவரில் ஆயிரம் பேர் கை தட்டுவார்கள். அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அது ஒரு விடுமுறை நாள், பட்டப்பகல். வெளியே தெருவில் சைக்கிள் மணியும் பேச்சுக் குரலுமாக இருந்தது. உள்ளே கும்மிருட்டு. டிங்கர் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். அவள் மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்தாள். அலமாரி, படம் விழும் சுவரைத் தாண்டி மறு மூலையில். வெளிச்சத்தைக் கடக்காமல் போக வழியில்லை. குனிந்துதான் போனாள். ஆனாலும் நெஞ்சோடு அணைத்திருந்த துணி மூட்டையின் நிழல் சுவரில் எழுந்து எதிராளியின் முகத்தை மறைத்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. டிங்கரின் ஆள் விழுந்து கிடந்தான்.

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"துணி வைக்க..."

அவள் முடிக்கவில்லை. முஷ்டி அவளுடைய தாடையில் இறங்கியது. உள்ளே ஏதோ 'மளுக்' என்றது. துணி சிதறியது. அவள் முழங்கால் மடங்கி விழுந்தாள், வாயில் உப்பும் ஒரு பல்லும். அவன் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். ஒரு தரம். மறுபடியும். அவளுடைய முகத்தின் மேல் இன்னொருவனுடைய முகம் ஒளியாக ஊர்ந்தது, வாய் திறந்து ஜெயித்த களிப்பில் கத்திக்கொண்டிருந்தது.

அவள் தரையில் தவழ்ந்து அவனைத் தாண்டி, அறையின் பின்பக்கம் போனாள். அங்கே மூலையில் அவனுடைய வேலைப் பை. கை துழாவியது. தகட்டை நோகாமல் நிமிர்த்தும் மரச்சுத்தி அகப்பட்டது. எழுந்து நின்றாள். அவன் திரும்பினான். புரொஜெக்டரின் வெளிச்சம் நேராக அவன் கண்ணில் அடித்தது. கூசிப்போய்க் கையால் மறைத்தான். எதிரே அவனுக்கு இருட்டு மட்டும்தான்.

"எங்கடி இருக்க?"

அவள் குனிந்து, ஈரத் துணி இழுக்கும் அந்தக் கைகளின் பலம் முழுவதையும் கூட்டி, அவன் முழங்காலில் வீசினாள். மூட்டுச் சில்லு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு சாய்ந்தான். சாய்ந்தவனின் மறு காலிலும் ஓங்கினாள். பிறகு தோளில். பிறகு எங்கே என்று பார்க்கவில்லை. அவன் "அம்மா" என்று சொன்னபோது நிறுத்தினாள். கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. வாயிலிருந்து ரத்தம் ஒழுக, சுத்தியைக் கீழே போடாமலே படியில் இறங்கினாள்.

கீழ்வீட்டு அம்மா அவளைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "ஐயோ, நான் என்னென்னவோ நெனச்சேனே! முன்ன சத்தம் கேக்கும். இப்ப ஒண்ணுமே கேக்கல. சரி, ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்கன்னு இருந்தேன்."

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அவளுக்குத் தாடையில் கம்பி போட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி, "நீதான் அடிச்சியா?" என்று கேட்டார். பேச முடியாமல் தலையை ஆட்டினாள். "எத்தன அடி?" அவள் கையை விரித்தாள். எண்ணவில்லை. சலவைப் பிரிவுப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவளுடைய சட்டைக் கையை ஒருத்தி தூக்கிக் காட்டினாள். பழைய காயம், புதுக் காயம் எல்லாவற்றையும் அதிகாரி பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

வழக்கு இழுத்தடித்தது, கடைசியில் அவள் பக்கம் தீர்ந்தது. டிங்கர் சிறைக்குப் போய்விட்டு வந்து, தன் அண்ணன் வீட்டோடு ஒதுங்கிவிட்டான். ஒரு கால் மடங்காது. உட்கார்ந்து தகடு தட்ட முடியாதாம், நின்றுகொண்டே தட்டுகிறானாம். 

கம்பி எடுத்த மறுநாள் ஜன்னல் தகட்டைப் பிடுங்கினாள். தம்பி உதவிக்கு வந்தபோது விலக்கிவிட்டாள். ஒவ்வொரு ஆணியாகப் பெயர்த்தாள். உள்ளங்கை கிழிந்தது. புரொஜெக்டரைக் கடைசியாகத் தம்பி கழற்றி, யாருக்கோ கொடுத்துவிட்டான்.

டிவி வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். தம்பி திகைத்தான். "எதுக்குக்கா?"

"நானும் விளையாடிப் பாக்குறேன். பகல்ல, ஜன்னல தொறந்து வெச்சுகிட்டு."

சின்ன டிவிதான். ஜன்னலுக்கு எதிரே மேஜையில் வைத்தார்கள். பட்டன்களைத் தம்பி சொல்லிக்கொடுத்தான். சலவைக்காரியின் கை, இயந்திரத்தின் தாளத்துக்குப் பழகிய கை, சீக்கிரமே பிடித்துக்கொண்டது. தம்பியை ஜெயித்தாள். அடுத்த ஆட்டத்தில் கடைசி வினாடியில் தோற்றாள். அவளுடைய ஆள் ரத்தம் கக்கி விழுந்தான்.  கை தானாக மேலே போயிற்று, பிடியில் கன்ட்ரோலர் இருந்தது.

பக்கத்தில் தம்பி இரண்டு முழங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

அவள் கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள்.  டிவியில் கூட்டம் கை தட்டிக்கொண்டே இருந்தது. தம்பிதான் எட்டிச் சத்தத்தைக் குறைத்தான்.

"பயந்துட்டியாடா?"

"ஆமாக்கா."

"நானும்," என்றாள். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் அவன் கார் பந்தய விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதிலும் அவள் எதிரே வருகிற வண்டிகளை எல்லாம் மோதித் தள்ளிக்கொண்டுதான் போகிறாளாம். தோற்றால் எழுந்துபோய் ஜன்னல் ஓரத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறாள். தெருவில் நாலைந்து வண்டி போன பிறகு வந்து உட்காருகிறாள்.