பூமாரியின் இடுப்புக்கயிறு

சூரியநெல்லித் தேயிலைக்காட்டில் கொழுந்து கிள்ளும் பூமாரிக்கு ஆறு மாதமாக அடிவயிற்று வலி. செடி கீறாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும் கயிறுதான் இறுக்குகிறது என்று அதை வாரத்துக்கு வாரம் தளர்த்தினாள். கடைசியில் படங்கு நழுவிக் காலில் விழுந்தது, வலி போகவில்லை. காய்ச்சலும் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கருப்பையிலும் கருக்குழாயிலும் கிருமித்தொற்று என்றார். பதினாலு நாள் மாத்திரை, புருஷனுக்கும் சேர்த்து. ஒருவர் மாத்திரையை விட்டாலும் இன்னொருவருக்குத் திரும்ப வருமாம்.

"எனக்கு எதுக்கு மாத்திர, புள்ள? வலியே இல்லையே" என்றான் மொக்கையன்.

"வலிய ஆறு மாசம் நான் பாத்துக்கிட்டேன். மாத்திரைய நீ பாத்துக்கய்யா."

பதினைந்தாம் நாள் பூமாரி கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறினாள். பக்கத்து வரிசையில் ராமலட்சுமி தன் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பூமாரி சிரித்தபடி அவள் கையைப் பிடித்தாள்.

"கயித்த விடுக்கா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அண்ணனையும் கூட்டிட்டு வா."