கட்டியக்காரர் மறந்த பெயர்

கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சூப் பருக்கும் வேலை. மூலை அறையில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் இருந்தார். இராணுவ அதிகாரியாக இருந்தவர். பிறகு அந்த நாட்டு அரச விழாக்களில் பட்டங்களையும் பெயர்களையும் உரக்க அறிவித்துக் கட்டியம் கூறியவர். சிங்கம் தைத்த மேலங்கியும் கையில் கோலுமாக அவருடைய படம் சுவரில் தொங்கியது. திருவிழாவில் சுவாமிக்கு முன்னால் நிற்கும் எங்கள் கட்டியக்காரர் அந்தத் தோரணைக்குக் கிட்டவும் வரமாட்டார். இவர் தன் குலத்தின் வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதியிருந்தார். மனைவி இறந்தபின் மகளோடு இருக்கக் கனடா வந்தவருக்கு மறதி நோய் வந்துவிட்டது.

கதிரையில் நிமிர்த்தி இருத்தினால் போதும், பரம்பரையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். ஆதி மூதாதையில் தொடங்கி, இன்னாரின் மகன் இன்னார் என்று இறங்கி வந்து தன் பெயரில் முடிப்பார். காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் தெரியாது. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வரும். பொறாமையும்தான். அப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டபோது பூட்டனாரின் பெயர் தெரியாமல் முழித்தவன் நான். "தெரியாட்டிச் சிவன் எண்டு சொல்லுங்கோ" என்று ஐயர் சமாளித்தார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் "ஊரில எவடம், ஆற்ற மகன்?" என்று ஊரையும் தகப்பன் பெயரையும் விசாரிக்கிற சனம் நாங்கள். விசாரிக்க மட்டும் குறைவில்லை.

கிழவருக்கு ஒரே பிள்ளை, மகள். அறுபதைத் தாண்டியவர். நகரின் மறுகோடியில் பார்க்டேலிலிருந்து பஸ் மாறி மாறி ஞாயிறுதோறும் வருவார். அந்தப் பரம்பரை ஆண்வழி என்பதால் மகளுக்கு அதில் இடமில்லை. புத்தகத்திலும் கடைசிப் பெயர் தகப்பனுடையதுதான். சின்ன வயதிலிருந்தே இதற்காக அவரோடு சண்டை பிடித்ததாக மகள் ஒருநாள் நடைகூடத்தில் என்னிடம் சொன்னார். ஒரு தடவை தன் பெயரையும் சேர்த்துச் சொல்லக் கேட்டால் போதுமாம். சொத்தா கேட்கிறேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு, கிழவர் தன் பெயரோடு நிற்கவில்லை. மகளைப் பார்த்து, அதற்குப் பிறகு நீ என்றார். பெயர் வரவில்லை. திறந்த வாய் மூடாமல் தேடினார். தேடத் தேட முகம் கலங்கியது. பிறகு எதைத் தேடினார் என்பதும் மறந்துபோனது. அடுத்த கிழமை சொல்லிவிடுவார் இல்லையா என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சொல்லுவார் என்றேன். நானும் நம்பினேன்.

அடுத்த கிழமை அவர் தன் பெயரையே சொல்லவில்லை. தகப்பனோடு நிறுத்திவிட்டார். பிறகு பாட்டனோடு. மறதி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. எப்போதோ செத்தவர்கள் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள். அவர் முன்னால் குளிர்கோட்டைக் கழற்றாமல் இருந்து, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த மகள்தான் அதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் காரணமில்லாமல் மனைவி மேல் சீறி விழுந்தேன். "உந்த வேலையை விடுங்கோ" என்றாள். விட்டுவிட்டு எங்கே போவது?

மகளை நான் கடைசியாகக் கண்ட ஞாயிறு, கிழவரின் கண் தெளிவாக இருந்தது. மகள் உள்ளே வந்ததும் கதிரையின் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். பழைய கட்டியக்காரரின் குரலில், எந்தக் குலத்துப் பெண் என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் கடைகளில் கேட்கிற அதே கேள்வி. மகள் தன் பெயரைச் சொன்னார். தகப்பனின் பெயரையும் சொன்னார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொருவராக முணுமுணுத்துப் பார்த்தார். நேரம் எடுத்தது. பிறகு அவர் கண்ணைத் திறந்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"மன்னிக்க வேண்டும் அம்மா. அப்படி ஒருவர் எங்கள் குலத்தில் இல்லை."