அம்மாவைப் பற்றி ஒரே பொய்

என் தங்கையை வீட்டில் போலீஸ் என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் சிப்பில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு சிப்புக்குள் பல பிராசஸர்கள் இருக்குமாம். வேலை சட்டென்று நடக்க, ஒரே தகவலின் நகலை ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளுமாம். ஒன்று தன் நகலைத் திருத்தினால் மற்ற நகல்கள் உடனே செல்லாதவையாகிவிட வேண்டும். இல்லையென்றால் ஆளுக்கொரு கணக்குப் போட்டு வேலையைக் குட்டிச்சுவராக்கிவிடும். அது எங்கே தப்புகிறது என்று நாள் முழுக்கத் துருவிக்கொண்டிருப்பாள். சாப்பாடு ஆறிக் கிடக்கும். திட்டினாலும் உறைக்காது.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த மறுநாள், வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பாவுக்கு அதிர்ச்சியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா எங்கே என்று கேட்டவரிடம் நான் காய்ச்சல் என்றேன். பின்னாலேயே வந்த அண்ணன், சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

போலீஸ் எங்களை வராந்தாவுக்கு இழுத்துப்போய்ச் சட்டம் போட்டாள். அம்மாவுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது, போனில் பேச முடியாது. ஒரு வார்த்தை மாற்றுவதென்றாலும் முதலில் மற்ற இருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் அப்பாவிடம் வாய் திறக்க வேண்டும். அம்மா பால் குடித்தாள் என்று சேர்ப்பதற்குக்கூட அண்ணன் எங்களுக்குப் போன் செய்தான், பாவம். அப்பாவும் கேட்பதை நிறுத்திவிட்டார். போலீஸுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு சாயங்காலம் அவளாகவே, "அம்மாவுக்கு இன்னும் தொண்டை சரியாகலப்பா" என்று ஆரம்பித்தாள்.

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்மா. எத்தன நாளைக்குத்தான் இதச் சுமப்ப? அம்மா போயிட்டா, அதானே? மொதல்ல ஆளுக்கொண்ணு சொன்னீங்க. இப்ப மூணு பேரும் ஒரு எழுத்து மாறாம ஒப்பிக்கிறீங்க. உண்மைய யாரு அப்படிச் சொல்வாங்க?"

தங்கைக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் எங்கள் யாரையும் கேட்கவில்லை. விழுந்தது, முறிந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டு அப்பா காதில் வைத்தாள். அம்மா அந்தப் பக்கம் அழுதுகொண்டே அவரைத் திட்டுவது எனக்கே கேட்டது. அப்பா உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் தங்கையின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "நான் அழுதா நீங்க ஒடஞ்சிடுவீங்கன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்மா" என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா அழுதார்.