இரண்டு கைக்கு ஒரு பிஸ்டல்

பட்டுச் சேலையையும் பிஸ்டலையும் ஒரே மாதிரி விற்கலாம் என்று நம்பிய முட்டாள் ஆரணியில் ஒருவன்தான் இருந்திருப்பான். அவன்தான் இதை எழுதுகிறான். புதிதாகக் கோச் ஆக வருகிறவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள்.

பகலில் நான் பட்டுக் கடை சேல்ஸ்மேன். காலையில், சேவூரில் ஓடாமல் கிடந்த அரிசி மில் கொடவுனில், பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் கோச். சுடுவது பட்டாளத்தில் கற்றது. கடையில் என் பெயர் நிலைத்தது இரண்டு முந்திச் சேலையால். ஒரு முனையிலிருந்து கட்டினால் ஒரு நிற முந்தி, மறுமுனையிலிருந்து கட்டினால் வேறு நிற முந்தி. அக்கா தங்கை சேர்ந்து வந்தால் அதைத்தான் விரிப்பேன். தப்பியவர்கள் குறைவு.

பவர்லூம் ஓட்டும் ஏழுமலையின் மகள்கள் ரேவதியும் பவித்ராவும் கல்லூரியில் படித்துக்கொண்டே அந்தக் கொடவுன் ரேஞ்சுக்குச் சுடப் பழக வந்தார்கள். மூத்தவள் ரேவதி இடக்கைக்காரி. ரேஞ்சில் இருந்த பழைய பிஸ்டலுக்குக் குண்டு எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. போட்டிக்குச் சொந்தமாக வாங்கியாக வேண்டும்.

ஏழுமலை வந்து நின்றார். "ரெண்டும் போட்டிக்குப் போவணும்னு அழுதுகினு இருக்குதுங்க சார். இந்த வருஷம் ஒண்ணுதான் என்னால முடியும். எதுனா வழி சொல்லுங்க."

முதல் பிஸ்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது எனக்குத் தெரியாததல்ல. கிரிப், அதாவது கைப்பிடி, உள்ளங்கையை நிரப்ப வேண்டும். விரல் நுனிச் சதை ட்ரிக்கரில் நேராக உட்கார வேண்டும். கண்ணை மூடிக் கையைத் தூக்கி, திறந்து பார்த்தால் குறிபார்க்கும் சைட் டார்கெட்டைப் பார்த்து நிற்க வேண்டும். வலக்கை கிரிப் இடக்கைக்கு ஆகாது. இவ்வளவும் பாடம் எடுத்த அதே வாய்தான் சொன்னது: "இதுக்கு ஏன் பேஜாரு? ரெண்டு கைக்கும் பொதுவா ஒரு கிரிப் வருதுங்க. மாத்தி மாத்திச் சுடட்டும்."

தட்டையான கிரிப் அது. கட்டைவிரலுக்கு இடம் கிடையாது, உள்ளங்கைக்குத் தாங்கல் கிடையாது.

ரேவதி மட்டும் கேட்டாள். "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல சுடச் சொன்னா சார்?"

"ஆளுக்கு ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்றேன். ஏழுமலை சிரித்தார், பவித்ரா சிரித்தாள். ரேவதி சிரிக்காததை நான் பார்த்தேன். பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

போட்டியில் ஆட்களை டீடெயில் டீடெயிலாகப் பிரித்து வேறு வேறு நேரத்தில் சுட வைப்பார்கள். மாவட்டப் போட்டியில் இருவரும் வேறு டீடெயில், பிஸ்டல் கைமாறியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மாநிலப் போட்டியில் முந்தின சாயங்காலமே பட்டியலை ஒட்டிவிட்டார்கள். மாற்றக் கேட்க அதுதான் நேரம். நானோ கேன்டீனில் உட்கார்ந்து, இந்த ஒற்றைப் பிஸ்டல் கதையைச் சொல்லி மற்ற கோச்சுகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பார்த்தால் இருவரும் ஒரே டீடெயில். இனி மாற்ற முடியாது என்றார்கள். இரவல் கேட்டு ஓடினேன். கொடுக்க மனசுள்ளவர்கள் இருந்தார்கள். கொடுக்க வந்த அத்தனையும் வலக்கை கிரிப், அதுவும் பெரிய கைக்கு அளவெடுத்தது; பவித்ராவின் சின்னக் கைக்கும் பொருந்தவில்லை.

திரும்பி வந்தபோது ரேவதி தங்கையின் மேசையில் பிஸ்டலை வைத்து, கிரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இது சரியாவே வரல பாப்பா. நீ சுடு."

பொய். அந்த வாரம் முழுக்க அவள் ஸ்கோர்தான் மேலே இருந்தது.

பவித்ரா தேறினாள். இன்று அவளிடம் கை அளவெடுத்து வாங்கிய பிஸ்டல் இருக்கிறது. ரேவதி அதன்பிறகு ரேஞ்சுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் வணக்கம் சொல்வாள், அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

ஆகவே தம்பிகளே, ஒன்றுதான் முடியும் என்றால் ஒருவர் கைக்கு அளவாக வாங்கச் சொல்லுங்கள். அடுத்தவரைக் காத்திருக்கச் சொல்லும் சங்கடத்தை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். நான் அதைச் சுமக்கப் பயந்துதான் அந்தப் பொதுக் கிரிப்பின் மேல் பாரத்தைப் போட்டேன்.

போன மாதம் ரேவதி தன் கல்யாணச் சேலை எடுக்கத் தங்கையோடு கடைக்கு வந்தாள். என் கை என்னைக் கேட்காமல் இரண்டு முந்திச் சேலையை விரித்துவிட்டது. வாயும் பின்னாலேயே போனது. "ஒரே சேலை, ரெண்டு முந்திம்மா. அக்காவும் தங்கச்சியும் மாத்தி மாத்திக் கட்டிக்கலாம்."

ரேவதி அதை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு மட்டும் ஒண்ணு காட்டுங்க சார்."