ஐயாவும் வரம்புக்கு அங்கால சலீம் நானாவும்

எனக்குச் சிங்களம் தெரியாது. ஐயான்ர இந்த நினைவு மலரைக் கையில வெச்சிருக்கிற எல்லாருக்கும் முன்னால இப்ப ஒத்துக்கொள்ளுறன். அனுராதபுரத்தில ஒரு பேக்கரியில எட்டு மாதம் பாண் அடுக்கினனான். அங்க எண்ணப் படிச்சன், ஏசப் படிச்சன், அவ்வளவுதான். ஊருக்கு வந்து நான் அவிட்டுவிட்ட கதையை நம்பி, சனம் இவ்வளவு காலமும் சிங்களக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னட்ட வந்தது. நானும் மேலயும் கீழயும் பார்த்திட்டு, "பயப்பிடுற மாதிரி ஒண்டும் இல்லை" எண்டு திருப்பிக் குடுப்பன்.

கனடாவில இருக்கிற அக்காதான், "நீதானே வாய்காரன், ஐயாவைப்பற்றி நீயே எழுது" எண்டவா. இப்பிடித் துடங்கினதைப் போனில வாசிச்சுக் காட்ட, "உனக்கு விசரே? இது செத்தவீட்டு மலரடா" எண்டா. விசர்தான். ஆனா, கடைசி ரெண்டு வருசமும் ஐயா ஏன் பக்கத்துக் காணிச் சலீம் நானா வீட்டுக்குப் போகேல்லை எண்டு செத்தவீட்டில நீங்கள் எல்லாரும் கேட்டனீங்கள். நான் பந்தல்காரனைப் பாக்கவேணும் எண்டு சொல்லி மாறிப்போனனான். அதுக்கு மறுமொழி இதுதான்.

ஐயா வடமராட்சியில ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில ஆறாவது பிள்ளையாப் பிறந்தவர். ஆறு பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு ஒரு பாத்தி வெங்காயம் வைக்கவும் காணாத நிலம். செட்டிகுளத்துப் பக்கம் குளத்துக்குக் கீழ காணி குடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு, கலியாணம் முடிச்ச கையோட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தவர். வந்த முதல் மாரி மழையில கொட்டில் கூரை பறந்திட்டுது. பக்கத்துக் காணி சலீம் நானாட வாப்பாவுக்குச் சொந்தம். அவர்தான் தன்ர விறாந்தையை ஒதுக்கிக் குடுத்தவர். அக்கா பிறந்தது அங்கதான்.

நானாவுக்கு ஐயாவிலும் பார்க்கப் பத்து வயசு குறைவு. "அண்ணை" எண்டுதான் கூப்பிடுவார். நல்ல நாள் பார்த்து ஐயா தன்ர வயலில முதல் பிடி நெல்லை விதைச்சா, ரெண்டாவது பிடி வரம்பைத் தாண்டி நானாட வயலில போய் விழும்.

"அண்ணை, உங்கட நல்ல நேரம் எங்கட பக்கமும் செல்லுமோ?"

"ஒரு குளத்துத் தண்ணிதானே குடிக்கிறம். செல்லுமடாப்பா."

பிறகு தொண்ணூறில நானாட சனம், வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும், ஒரேயடியா வெளிக்கிட வேண்டி வந்தது. ஆரால, ஏன் எண்டு உங்களுக்குத் தெரியும். அவை புத்தளம் பக்கம் போச்சினம். எங்கட வாய்க்கால் எங்கட காணியைத் தாண்டி நானாட காணிக்குள்ள போய்த்தான் முடியிறது. ஒவ்வொரு மாரிக்கு முன்னமும் ஐயா எங்கட துண்டை வெட்டி முடிச்சிட்டு, ஒருத்தரும் விதைக்காத அந்தத் துண்டையும் வெட்டித் துப்பரவாக்குவார். அம்மா ஏசுவா.

"ஆருக்கப்பா இந்த வேலை?"

"தூர்ந்துபோச்செண்டா அவங்கள் வந்த உடன விதைக்கேலாது."

சண்டை எங்களையும் கலைச்ச வருசங்களிலதான் அந்த வாய்க்கால் வெட்டுப்படேல்லை. முகாமில இருந்து திரும்பி வரேக்க ரெண்டு காணியும் முள்ளும் பத்தையும். பிறகு நானாவும் மனுசி பிள்ளையளோட வந்து சேர்ந்தார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பத்தை வெட்டினவை. ஆரின்ர காணியை முதல் வெட்டுறது எண்டதில மட்டும் வாக்குவாதம். நானா "உங்கட" எண்டுவார், ஐயா "உன்ர" எண்டுவார். நான் நிழலில இருந்து நடுவர் வேலை பார்த்தனான்.

அதுக்குப் பிறகு சில போகம் நல்லாத்தான் போச்சு. யானைக் கரைச்சல் மட்டும் தீரேல்லை. கதிர் வாற நேரம் பார்த்து வந்து உழக்கும். யானை வேலி கேட்டுக் கேட்டு ஊருக்கே தொண்டை வத்திப்போச்சு. அந்த நேரம்தான் ஒரு நாள் காலமை ஜீப்பில மூண்டு பேர் வந்தினம். ஐயா கிளினிக்குக்குப் போயிட்டார். நானாவும் வீட்டில இல்லை. அம்மா அதுக்கு முதலே கண்ணை மூடிட்டா. மிஞ்சினது நான். ஜீப் ஓடி வந்தவருக்கு அரைகுறையாத் தமிழ் தெரியும். வரம்புக்கு அங்கால கையைக் காட்டி, "அது முந்தி காடுதானே?" எண்டார்.

வேலி போடத்தான் வந்திருக்கினம் எண்டு நானே முடிவெடுத்திட்டன். காடு எண்டு கூட்டிச் சொன்னாத்தானே வேலி கெதியா வரும்.

"காடோ சேர்? இருவது வருசம் அங்க மனிசர் கால் வைக்கேல்லை. யானைதான் அங்க விதானையார். நாங்கள் பதிவுக்கு யானையிட்டத்தான் போறனாங்கள்."

அவர் மொழிபெயர்க்க எல்லாரும் சிரிச்சினம். எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேல்லை. ஆளுக்கொரு இளநி வெட்டிக் குடுத்தன். சிங்களத்தில எழுதின தாள் ஒண்டை நீட்டினவை. நான் வழக்கம்போல மேலயும் கீழயும் பார்த்து, ரெண்டு தரம் தலையாட்டி, "ஹரி ஹரி" எண்டு சிங்களத்தில சரி சொல்லிக் கையெழுத்து வெச்சன்.

மூண்டு மாதத்தால வந்தது வேலி இல்லை, எல்லைக்கல்லு. ஜீப்பில வந்தவை வன இலாகாவாம். எங்கட வரம்பு வழிய வரிசையா நட்டினம். இங்கால வயல், அங்கால அரச காடாம். எங்களிட்டக் காணிப் பெர்மிற் இருந்தது. நானாட பெர்மிற் இடம்பெயர்வில துலைஞ்சுபோச்சு. பெர்மிற்றும் இல்லை, தொடர்ந்து பயிர்செய்ததுக்குச் சாட்சியும் இல்லையெண்டா அது காடுதான் எண்டு சட்டமாம். வயலுக்குள்ள உழவு மெசினை இறக்கின நானாவை ஏத்திக்கொண்டு போய் வழக்குப் போட்டினம். அங்கதான் நான் கையெழுத்து வெச்ச தாளை அவருக்கு வாசிச்சுக் காட்டினவை.

அண்டு பின்னேரம் நானா வந்து எங்கட முற்றத்தில கதிரையைப் போட்டு இருந்தார். நான் குசினிக்குள்ள ஒளிச்சன். அவர் சிரிச்சார்.

"அண்ணை, உங்கட மகன்ர கணக்கில நான் இவ்வளவு நாளும் யானை விதானையாற்ற காணியிலதான் குடியிருந்திருக்கிறன்."

ஐயா சிரிக்கேல்லை. என்னை வெளிய கூப்பிட்டார்.

"நாளைக்கே போ. பகிடிக்குச் சொன்னது, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வெச்சது எண்டு எழுதிக் குடுத்திட்டு வா."

"அது போதும் தம்பி," எண்டார் நானா. "அது இருந்தா வழக்கில சொல்ல எனக்கெண்டு ஒண்டு இருக்கும்."

போனனான். வன இலாகாக் கந்தோரில இருந்த சேர் ஒரு தமிழாள். மரியாதையாத்தான் கதைச்சார்.

"பொய்யான வாக்குமூலம் குடுத்தனான் எண்டு நீங்களே எழுதித் தாறியள். அப்ப உங்களிலயும் வழக்கு வரலாம். உங்கட பெர்மிற்றையும் எடுத்துப் பாக்க வேண்டி வரும். யோசிச்சுச் செய்யுங்கோ."

நான் வாழ்க்கையில முதல் தரம் யோசிச்சது அண்டைக்குத்தான். பேனையைத் திருப்பிச் சட்டைப் பையில குத்திக்கொண்டு வந்திட்டன்.

"என்னவாம்?" எண்டார் ஐயா.

"சேர் லீவாம் ஐயா."

ஐயா வரம்படிக்குப் போய் நானாவுக்கு அதைச் சொன்னார். அடுத்த கிழமையும் சேர் லீவு. அடுத்த மாதம் சேருக்கு ரெயினிங். பாவம், அந்த மனிசனுக்கு ஒருக்கா கொப்பளிப்பான் அம்மையும் வரப்பண்ணினன். ஒவ்வொண்டையும் ஐயா அப்பிடியே கொண்டுபோய்ச் சொன்னார். ஐயா பொய் சொல்லாத ஆள் எண்டு நானாவுக்குத் தெரியும். அதால அவரும் பாத்துக்கொண்டிருந்தார். வழக்குத் தவணை ரெண்டு போச்சு.

பிறகு நானா தானே கந்தோருக்குப் போனார். திரும்பி வந்து வரம்புக்கு அங்கால நிண்டார். நான் பம்புக்குப் பக்கத்தில நிண்டனான்.

"அண்ணை, அந்த சேர் இந்த வருசம் ஒரு நாளும் லீவெடுக்கேல்லையாம்."

ஐயா மண்வெட்டியைக் கீழ வெச்சார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிஞ்சு பம்பை நிப்பாட்டினன்.

"உங்கட காணியும் போயிடும் எண்டு பயந்திட்டியளோ அண்ணை?" எண்டு கேட்டார் நானா. "அதைச் சொல்லியிருக்கலாமே. நான் கோவிச்சிருக்க மாட்டன்."

"என்னிலதான் பிழை சலீம்," எண்டார் ஐயா. என்ர பேரை எடுக்கேல்லை.

வீட்டை வந்து நான் அழுதன். ஐயா ஏசேல்லை, அடிக்கேல்லை. "நீ போய் எழுதிக் குடு. அதுவரைக்கும் நான் அவன்ர முகத்தைப் பாக்கேலாது" எண்டு மட்டும் சொன்னார். அண்டுமுதல் வயலுக்கு றோட்டால சுத்தித்தான் போனவர். அடுத்த காலபோக விதைப்பில முதல் பிடியை விதைச்சிட்டுக் கையைத் தட்டிப்போட்டு வந்திட்டார். வரம்புக்கு அங்கால பத்தை எழும்பத் துடங்கியிருந்தது.

நான் போகேல்லை. எனக்கு ரெண்டு பெட்டைப்பிள்ளையள், அந்தப் பெர்மிற்தான் அவையின்ர சாப்பாடு எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். அது பொய்யில்லை. ஆனா நான் போகாததுக்கு அது மட்டும் காரணம் எண்டு சொன்னா, அது பொய்.

ஐயாவுக்குச் சிறுநீரகம் ரெண்டும் பழுதாப்போச்சு. வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஒரு வருசம் ஓடினது. போகேக்கயும் வரேக்கயும், "போனியோ?" எண்டு கேப்பார். "வாற கிழமை ஐயா" எண்டுவன். கடைசியா வாட்டில கிடக்கேக்க, கதைக்கவே களைக்கிற நேரத்திலயும் கேட்டார்.

"போனியோ?"

"ஓம் ஐயா. குடுத்திட்டன்."

அவற்ற முகம் தெளிஞ்சது. நான் அதைப் பார்த்தனான்.

"சலீமுக்குத் தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

பிறகு, "அப்ப ஏன் அவன் வரேல்லை?" எண்டார். அண்டு முழுக்க வாட்டுக் கதவைப் பார்த்தபடி கிடந்தவர். அடுத்த நாள் காலமை எங்களை விட்டுப் போயிட்டார்.

ஐயாவைப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், மூண்டு தரம் ரத்தம் குடுத்த பூவரசங்குளத்துப் பெடியளுக்கும், பாடை கட்டினவைக்கும், தேவாரம் பாடினவைக்கும், தூரத்தில இருந்து வந்தவைக்கும், வர முடியாமல் போனில அழுதவைக்கும் நானும் அக்காவும் கை கூப்புறம். பள்ளிவாசலில இருந்து கதிரையளை ஏத்திக்கொண்டு வந்து இறக்கினது சலீம் நானாவும் மக்களும். அடுப்பு மூட்டாத மூண்டு நாளும் இடியப்பமும் சொதியும் அனுப்பினது அவற்ற மனுசி. "மரக்கறிதான், புதுச் சட்டியில வெச்சது" எண்டு சொல்லி விட்டவா. நானா சுடலைவரைக்கும் வந்தவர். என்னோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிஞ்ச அடுத்த நாள் நான் கந்தோருக்குப் போய் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தன். பகிடி, இளநி, லீவு, கொப்பளிப்பான், ஐயாவுக்கு ஒண்டும் தெரியாது எண்டது, எல்லாம். ஒரு பக்கம்தான் வந்தது. சேர் வாசிச்சிட்டு, "அவற்ற வழக்கும் தோத்து முடிஞ்சுது, ஃபைலும் மேலிடத்துக்குப் போயிட்டுது. வாங்கி வைக்கிறன், வேற ஒண்டும் செய்யேலாது" எண்டார்.

அதின்ர கொப்பியைக் கொண்டுபோய் நானாட்டக் குடுத்தன். வாசல்லயே நிண்டு வாசிச்சார். லீவுக் கதை வாற இடத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சார். பிறகு தாளை மடிச்சு என்ர கையிலயே தந்தார்.

"இந்த ஒரு பக்கத்தை எழுத உனக்கு அண்ணை சாகவேண்டிக் கிடந்திருக்கு."