மாமனார் சொன்ன பதில்

கருத்துக்கணிப்பு ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பஞ்சுக்குரல்'. எரிந்து விழுகிற ஆள்கூட அவள் பேசினால் அடங்கிவிடுவார். கம்ப்யூட்டர் அதன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு போன் நம்பரைப் போடும். அவள் கேள்வியைப் படிப்பாள். அந்த வாரக் கேள்வி: டாக்டர் எழுதித் தரும் மருந்துச் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டுமா?

வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். டிவியில் யாராவது அதைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், கொதித்துப்போவார். "தன் மாத்திரையைத் தான் வாங்கத் துப்பில்லாதவன்தான் கையேந்துவான்!"

ஒரு நாள் காலை, ஹெட்போனில் காதைப் பிளக்கிற மாதிரி ஒரு "ஹலோ!" சாட்சாத் மாமனார்.

சொந்தக்காரர் சிக்கினால் போனை வைத்துவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஆனால் அவளுக்குக் குறும்பு முந்திக்கொண்டது. ஆபீஸ் குரலில் கேள்வியைப் படித்துவிட்டு, திட்டு விழட்டும் என்று காத்திருந்தாள்.

"ஏத்துக்கணும்மா. கண்டிப்பா ஏத்துக்கணும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முழுமையாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவா?"

"முழுசான்னே போட்டுக்கோ."

"செலவுக்குப் பயந்து மருந்தைக் குறைத்ததுண்டா?"

அவர் குரல் தாழ்ந்தது. "பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடறேன். பையனும் மருமகளும் ஓடா உழைக்கிறாங்க. இதையும் அவங்க தலையில கட்டணுமா?"

"நன்றி ஐயா" என்று எப்படியோ முடித்தாள்.

சாயங்காலம் அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவரே கேட்டார்: "எல்லாத்தையும் எழுதிக்கிட்டியா?"

"மாமா! நான்னு தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு. முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரலம்மா. போன்ல வந்துடுச்சு."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். மறுபேச்சு பேசக் கூடாது."

அவர் பேசவில்லை. டாக்டர்தான் பேசினார், நன்றாகவே திட்டினார். திட்டி முடித்து, அதே மருந்தை விலை குறைந்த வேறு கம்பெனியில் எழுதிக் கொடுத்தார். இப்போது மாத்திரை தினமும் உள்ளே போகிறது.

விதியை மீறியது உறுத்தவே, அவள் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் லேசாகக் கடிந்துகொண்டு அந்தப் பேட்டியை அழித்தார். மாமனாருக்குத்தான் ஆறவில்லை.

"அழிச்சுட்டாரா? மானத்தை விட்டுச் சொன்னேனே! என் கருத்து கணக்குலயே வராதா?"

அதன்பின் அவரைப் பேசவைக்கப் பஞ்சுக்குரல் தேவைப்படவில்லை. தெருமுனை சலூனில் உட்கார்ந்து, மருந்துச் செலவை அரசாங்கம் ஏன் ஏற்க வேண்டும் என்று முடிவெட்ட வருகிறவரிடமெல்லாம் வாதாட ஆரம்பித்துவிட்டார். பாதிப் பேர் ஆமாம் என்பார்கள், பாதிப் பேர் இல்லை என்பார்கள்.

சலூன்காரர் அவள் புருஷனிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார்: "அப்பாவைக் கொஞ்சம் வீட்டுலயே வெச்சுக்குங்க சார். ஒருத்தரும் தலையை ஆட்டாம உக்கார மாட்டேங்கறாங்க. எப்படிக் கத்தரிக்கோல் வைக்கிறது?"