கண்ணாடிக்கு நேரே

கோவில்பட்டியில் அண்ணன் வீட்டுச் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி தொங்குகிறது. சிவப்பு பிளாஸ்டிக் சட்டம், ஒரு மூலை உடைந்தது. அங்கே போகும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். தலை சீவ வேண்டுமென்றால் பீரோக் கண்ணாடிக்குப் போய்விடுவேன். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு கண்ணாடிக்கு ஒளிந்து திரிகிற பொம்பளை ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு காலத்தில் அது தரையில் கிடந்தது. என் மதினிக்காக அண்ணன் அதை அங்கே வைத்திருந்தான். மதினிக்குச் சிறு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் மின்னல் வெட்டியது, கறுப்புப் பூச்சிகள் பறந்தன. பசைக் கை பட்டிருக்கும் என்று நாலு நாள் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், "கண்ணுக்குள்ள யாரோ படுதாவ இழுத்து மூடுத மாதிரி இருக்கு" என்றார். மதுரைக்குக் கூட்டிப் போனோம். விழித்திரை கிழிந்து பிரிந்திருக்கிறது என்று மறுநாளே ஆபரேஷன் செய்தார்கள்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகு சொன்னதுதான் பெரிதாக இருந்தது. கண்ணுக்குள் வாயுவை அடைத்திருக்கிறோம், பதினைந்து நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், சாப்பிட, குளிக்க என்று மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் நிமிரலாம் என்றார் டாக்டர். எனக்கு விளங்கவில்லை. அண்ணன் மில்லில் பிட்டர். "ரசமட்டத்துல குமிழி மேல ஏறும்லா, அதே மாதிரிதான். இவ குனிஞ்சு இருந்தாத்தான் அந்தக் குமிழி ஏறி, பின்னால இருக்குத திரைய அமுக்கிப் பிடிக்கும். நிமிந்தா விட்டுரும்" என்று விளக்கினான். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தபடியே மதினி ஊர் வந்து சேர்ந்தார். வாந்தி வருகிறது போல என்று யாரோ ஒரு அம்மாள் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். வீட்டில் அண்ணன் கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில் கயிற்றை அவிழ்த்து, முகம் மட்டும் இறங்குகிற அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டினான். கீழே தரையில் இந்தக் கண்ணாடியை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தான். தலைமாட்டில் வந்து நிற்பவர்களின் முகம் அதில் தெரியும். மதினி எங்களோடு பேசியதெல்லாம் அதன் வழியாகத்தான். "ஏட்டி, பொட்ட நடு நெத்தியில வையி, என்னமோ எனக்குத்தான் கண்ணு தெரியலன்னா ஒனக்குமா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து கேலி வரும்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மூன்று இடம் வந்து தட்டிப் போயிருந்தது. நாலாவதாகக் கழுகுமலையிலிருந்து பெண் பார்க்க வருவதாக நாள் குறித்திருந்தார்கள். அது மதினிக்கு ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாளாக வந்து விழுந்தது. தள்ளிப் போடுவோம் என்றான் அண்ணன். பெரியம்மா கேட்கவில்லை. "குறிச்ச நாள மாத்துனா சகுனம் சரியில்லன்னு நெனைப்பாவ. வீட்டுக்காரி குப்புறக் கெடந்தாலும் அதத்தான் நெனைப்பாவ" என்றார். எனக்கு அம்மா இல்லை. பெரியம்மா தாலி இழந்தவர், முன்னால் வரமாட்டார். வருகிறவர்களை வாசலில் நின்று அழைக்கவும் குங்குமம் கொடுக்கவும் மதினியை விட்டால் வேறு ஆளில்லை. அண்ணன் தன் பேச்சில் நின்றான். வேண்டாம், அவளுக்குக் கண்தான் முக்கியம் என்றான்.

நான் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. பல வருஷம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று மத்தியானம் நேரே போய், கட்டிலின் தலைமாட்டில், கண்ணாடிக்கு நேரே நின்று அழுதேன். அழுவதற்கு வீட்டில் வேறு இடமா இல்லை? அடுப்படி இருந்தது, கொல்லை இருந்தது. மதினி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவியள வரச் சொல்லுங்க. அரை மணி நேரந்தான, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர்கள் இரண்டரை மணி நேரம் இருந்தார்கள். மதினி பச்சைப் பட்டு கட்டி, கண்ணில் ஒட்டியிருந்த கட்டைப் பிரித்துவிட்டு, தூசி விழுந்துவிட்டது, மருந்து விட்டிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கேசரி கொடுத்தார், காப்பி ஆற்றினார். மாப்பிள்ளையின் அத்தை தன் வீட்டுக் கல்யாணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆனபோது மதினி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. 'மதினி, கொஞ்சம் உள்ள வாங்க' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சாக்கில் போய்ப் படுத்துக்கொள்வார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண் பார்க்கிற இடத்தில் பெண் குனிந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? குனிந்தே கிடக்க வேண்டியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவள் குனிந்திருந்தேன். "அடக்கமான புள்ள" என்றாள் அத்தை.

அந்த இடமே எனக்கு முடிவானது. மூன்றாம் நாள் மதினியின் கண்ணில் படுதா திரும்ப வந்தது. மறுபடி மதுரை, மறுபடி ஆபரேஷன், இந்தத் தடவை கண்ணுக்குள் வாயுவுக்குப் பதிலாக எண்ணெய் வைத்தார்கள். பார்வை வரவில்லை. நிமிர்ந்ததாலும் இருக்கலாம், நிமிராமல் இருந்திருந்தாலும் பிரிந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நான் கல்யாணம் செய்துகொண்டேன். என் கல்யாண போட்டோவில் மதினி கறுப்புக் கண்ணாடி போட்டு ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் கோணலாகப் போகிறது என்று அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதுதான் இன்னும் உறுத்துகிறது. மோசமாக அமைந்திருந்தால், தண்டனை கிடைத்துவிட்டது என்றாவது ஆறியிருப்பேன்.

போன மாதம் போயிருந்தபோது மதினி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். வலது கண்ணுக்குத் தெரிவதற்காக முகத்தை ஒருக்களித்து வைத்திருந்தார். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"மதினி, அன்னைக்கு நீங்க என்னையப் பாத்தீங்க. நான் வேணும்னேதான் தலையக் குனிஞ்சேன்."

அவர் சீப்பை நிறுத்தவில்லை. "அத விடு. அத்தன சனத்துக்கு முன்னால நீ என்ன செய்வ?" என்றார்.

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. அப்போதுதான் சொன்னார்: "அதுக்கு முந்துன நாளு கண்ணாடிக்கு நேரா வந்து நின்னு அழுதேல்லா, அப்பவே தெரியும் எனக்கு."

அவர் பார்க்க வேண்டும் என்றேதான் அங்கே போய் நின்றேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டின கணவரிடம்கூட.

"தெரிஞ்சுமா வரச் சொன்னீங்க?"

"நீ அழுதது நெசந்தான?" என்றார் மதினி. பிறகு ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இந்தா, புடி. வகிடு கோணப் போகுதான்னு பாத்துச் சொல்லு. அந்தப் பக்கம் எனக்குத் தெரியல."

வாங்கி, அவர் பக்கத்தில் நின்று கையை நீட்டிப் பிடித்தேன். அவர் முகம் மட்டும் அதில் தெரியட்டும் என்று நான் ஓரமாக விலகி நின்றுகொண்டேன்.